வாட்போரும் பெருமிதமும்

வீரச்சுவையைத் தொல்காப்பியனார் பெருமிதம் எனப் பெயரிட்டு, எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். அது தோன்றும் நிலைக்களன்களாக அவர் கொண்டவை கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கு. போர்க்களமே வீரத்தின் பிறப்பிடம் எனக் கருதுவார்க்கு, அங்கே கல்வி முதற்கண் வைத்து எண்ணப்பட்டமை வியப்பளிக்கலாம். அவ்வியப்பே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். இன்றைய இளைஞர் பெரிதும் விரும்பியாடும் கடினமான வாட்போர்க் கணினி விளையாட்டுக்கள் எத்தகைய இன்பத்தைத் தருகின்றன என்பதை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே ஈண்டு நம் நோக்கம். பிறநாட்டுப் புதுக்கலையைப் பழந்தமிழ்க் கோட்பாட்டால் அளத்தல் பொருந்துமோ என ஐயுறுவார் உளராயின், காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் மதங்க சூளாமணியிலே (1926) சேக்சுபியர் நாடகங்களைச் சுவை நோக்கி ஆராய்ந்தமையே அவர்க்குத் தக்க விடையாகும்.

கணினியில் வாட்போர் புகுந்த வரலாறு நடிப்போடு தொடர்புடையது. 1989இல் வெளிவந்த ‘பிரின்ஸ் ஒவ் பேர்சியா’ என்னும் விளையாட்டை ஆக்கிய ஜோர்டன் மெக்னர், 1938ஆம் ஆண்டின் ரொபின் ஹூட் திரைப்படத்தில் எரல் ஃபிளின் புரியும் வாட்போரை நுணுகி நோக்கி, அதன் அசைவுகளைத் தம் உருவங்களுக்கு ஏற்றினார். நடிகனது உடலசைவு திரைக்குச் சென்று, திரையினின்று கணினிக்குள் புகுந்தது. முப்பது ஆண்டுகளின் பின், 2019இல், யப்பானிய நிறுவனமாகிய ஃபுரொம்சொஃப்ட்வெயர், ஹிடேட்டாக்கா மியாசாக்கியின் இயக்கத்தில் ‘செக்கிரோ’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. கையொன்றை இழந்த வீரன் ஒருவன் அதன் தலைவன். இவ்விளையாட்டில் பகைவனை வெட்டிக்கொண்டேயிருத்தல் வெற்றி தாராது. அவனை நிலைகுலையச் செய்தல் வேண்டும். பகைவனின் வாள் வந்து படும் அக்கணத்திலேயே தன் வாளால் எதிர்தட்டுபவனுக்கு அது விரைவிற் கைகூடும். பிந்தினால் வெட்டுண்பான், முந்தி வாளை ஏந்தி நின்றாலோ தன் நிலையே தளரக் காண்பான். எளியது, கடியது எனத் தரம் தெரிந்து ஆடும் வசதியும் அதில் வைக்கப்படவில்லை.

வெற்றி விருப்பே இவ்விளையாட்டின் கவர்ச்சிக்குக் காரணம் என்பர் சிலர். வெற்றி ஒன்றே வேண்டுமாயின் எளிய விளையாட்டுக்கள் எத்தனையோ உள. ஒரே பகைவனிடம் ஐம்பது முறை வீழ்ந்தவன் ஐம்பத்தோராம் முறையும் எழுவது எதனால்? அத்தோல்வி நேர்மையானது என அவன் உணர்வதனாலேயே ஆம். பகைவன் வாளோங்குமுன் தோளிலும் அடியிலும் ஒரு குறி காட்டுகிறான். அதனைக் காணாமை ஆடுவோனின் பிழை. அடுத்த முறை காணலாம். இறுதியில் அவன் வெல்லும்போது பகைவனது ஆற்றல் குறைந்திருப்பதில்லை. வீரனது வலிமை சிறிது கூடியிருத்தல் கூடும். பெரிதும் மாறியவை ஆடுவோனின் கண்ணும் கையுமே. இதுவே கல்வி. வீழ்ச்சிக்கு அஞ்சாது மீண்டும் எழுதல் தறுகண். தொல்காப்பியனார் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தமையின் நுட்பம் இங்கே விளங்குகின்றது.

மட்டக்களப்பு மக்களுக்கு இக்கல்வி புதிதன்று. பாரத, இராமாயணப் போர்க்கதைகளை ஆடும் வடமோடிக் கூத்தில், அண்ணாவியார் வட்டக்களரியின் நடுவே மத்தளத்துடன் நிற்க, கூத்தர் அவரைச் சூழ ஆடுவர். தாளக்கட்டுக்களைப் பல மாதங்கள் பழகி, சதங்கையணிந்து, பாரமான கரப்புடுப்புத் தாங்கி, இரவெல்லாம் ஆடுதல் எளிய செயலன்று. படைக்கலம் ஏந்தி எதிரெதிரே நிற்கும் இருவரும் ஒரே தாளத்துக்கு அடி மிதிக்கின்றனர். எதிர்நிற்பவனின் அடியைத் தன் உடலால் அறியாதவன் களரியில் நிலைத்தல் இயலாது. கர்ணன் வீழ்வான் என்பது அவையோர் அனைவரும் அறிந்ததே. எனினும் அவர் விடியுமளவும் காத்திருப்பர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையிலே ‘கர்ணன் போர்’ கூத்தைச் சுருக்கி மேடையேற்றியபோதும், நகரத்து அவையோரைக் கவர்ந்தது கதைமுடிவு பற்றிய ஐயமன்று. ஆட்டத்தின் அருமையே எனலாம்.

இனி, வாட்போரில் இன்பங்காணல் போர்வெறியின் பிறிதொரு வடிவமோ என்னும் வினா எழும். வாகரைக்கும் வெருகலுக்கும் இடையே கடலோரத்தில் அமைந்த கதிரவெளியில் அவ்வினாவின் கனம் பெரிது. 2006 நவம்பரில் அவ்வூரிலே, இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலையில் எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர். எறிகணைக்கு முகம் இல்லை. அது ஓங்கும் குறியைக் கண்டு விலகுதற்கும் இடமில்லை. வீழ்ந்தவர் மீண்டும் எழுந்ததும் இல்லை. அத்தகைய சாவு எவர்க்கும் எதனையும் கற்பித்ததன்று. முகங்காட்டி எதிர்நிற்கும் பகைவனும், காரணம் விளங்கும் தோல்வியும், மீண்டெழும் வாய்ப்பும் உடைய விளையாட்டை அப்போரோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் தகாது. ஆயினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. செக்கிரோ குருதியை அளவுகடந்து காட்டுகின்றது. வடமோடிக் களரியிலோ குருதிகாட்டும் வேட்கைக்கு இடமின்றி, தாளமும் விருத்தமுமே ஒரு பெரும்போரை நம் கண்முன் நிறுத்துகின்றன. போரின் கொடுமையை அறிந்த மண்ணுக்கு இவ்வடக்கமே ஏற்புடைத்து.

நான்கனுள் எஞ்சிய புகழும் கொடையும் யாவை? அறையில் தனித்திருந்து வென்றவனின் வெற்றியைப் பகைவனாகிய பொறி அறியாது, அயலாரும் அறியார். தான் கண்ட நுட்பத்தைத் தோழர்க்கு உரைப்பார் உளர். அது கொடையின் தொடக்கம் எனலாம். கூத்தனோ கற்றதனை ஊரவர் முன் ஓரிரவில் வழங்குகிறான். அண்ணாவியார் அதனை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கிறார். ஆதலின் கணினி வாட்போர் பெருமிதத்தின் முதலிரு கூறுகளை நன்கு தந்து, பின்னிரு கூறுகளில் வறிதாய் நிற்கின்றது என்பது எம் துணிபு.

அவ்விளையாட்டை இகழ்ந்து ஒதுக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஐம்பது முறை வீழ்ந்தும் எழும் பொறுமை ஒரு மாணவனிடம் உண்டெனின், மத்தளத்தின் முன் தாளக்கட்டுப் பழகுதற்கு வேண்டிய முதல் அவனிடம் ஏலவே உளது. அவனைக் களரிக்கு அழைத்தல் நம் கடன்.