பரவை மார்க்கெட்டும் ஒரு ஐம்பது எம்எம்மும்

"புதுசா கேமரா வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், எனக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். கேமரா எதுவாவது இருந்துவிட்டுப் போகட்டும், முதலில் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள் என்பேன். ஜூம் ஆகுமா என்பார்கள். ஆகாது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்குமா? இழுக்காது, நாம்தான் நடந்து போக வேண்டும். அப்புறம் எதற்கு அது என்று முகம் சுருங்கும். அந்த முகத்தை அப்படியே பரவை காய்கறி மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், என் லென்ஸை மாட்டிக் கையில் கொடுத்து நாலு படம் எடுக்கச் சொல்வேன். திரும்பி வரும்போது, இது எங்கே கிடைக்கும் என்று அவர்களே கேட்பார்கள்.

என்னிடம் இருப்பது கேனான் இஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம். 2015-இல் வந்தது. எடை 160 கிராம், கால் கிலோ தக்காளியைவிட லேசு. இதற்கு முந்தியது 1990-இல் வந்த மாடல்; பின்பக்க மாட்டும் வளையம்கூட பிளாஸ்டிக். ஃபோகஸ் தேடும்போது போடும் சத்தத்துக்குக் கல்யாண மண்டபத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதுவும் நல்ல லென்ஸ்தான். புதியதில் வளையம் உலோகம், மோட்டார் ஏறக்குறைய ஊமை. விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். லென்ஸ் உலகத்தில் இந்த விலைக்கு இவ்வளவு தரும் பொருள் வேறு எதையும் நான் பார்க்கவில்லை, சத்தியமாக.

விஷயம் அந்த 1.8-இல் இருக்கிறது. லென்ஸின் குவியத்தூரத்தை அதன் வாய்த் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். எண் சிறுக்கச் சிறுக்க வாய் பெருசு. கேமராவோடு இனாமாக வரும் 18-55 கிட் லென்ஸை 50 பக்கம் திருப்பினால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட பத்து வரும். அதாவது அதே இருட்டில், அதே ஷட்டர் வேகத்தில், பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே போகிறது. கேமராவை மாற்றி இந்த லாபத்தைப் பார்க்க வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் எண்ணி வைக்க வேண்டும்.

விளாங்குடியில் இருப்பதில் ஒரு சௌகரியம், திண்டுக்கல் ரோட்டில் வண்டியை எடுத்தால் அடுத்த ஊரே பரவை. எங்கள் ஊர் 2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது என்றாலும், விடியுமுன்னே லோடு வண்டிகள் காய் மூட்டையோடு போகிற சத்தம் இன்னும் கிராமத்துக் காதுக்குத்தான் பழக்கம். மார்க்கெட்டில் அந்த நேரத்து வெளிச்சம் இருக்கிறதே! ஒரு கடையில் மஞ்சள் பல்பு, அடுத்த கடையில் வெள்ளை எல்இடி, நடுவில் லாரி ஹெட்லைட். மூட்டை அவிழ்க்கும்போது கிளம்பும் சின்ன வெங்காயச் சருகு அந்த ஹெட்லைட்டில் மிதந்து வரும். ஃபிளாஷ் அடித்தால் அத்தனையும் செத்துப்போகும். அப்பர்ச்சரை எஃப் 2-இல் வைத்து, ஷட்டரை 1/100-இல் நிறுத்தி, ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றினால் அந்த மஞ்சளும் அந்த வெள்ளையும் அப்படியே படத்தில் இறங்கிவிடும்.

அது ஏன் 1/100? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 தடவை விட்டுவிட்டு எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/500-இல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாக வரும், அடுத்தது மங்கலாக வரும், மூன்றாவதில் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். கேமரா ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். 1/100 அல்லது 1/50 வைத்தால் விளக்கின் முழுத் துடிப்பும் உள்ளே வந்துவிடும், பட்டை போய்விடும். என் கேமராவில் 50 எம்எம் என்பது 80 எம்எம் பார்வையைத் தரும் என்பதால், கை நடுக்கம் தெரியாமல் எடுக்கவும் 1/100 தோதான வேகம். ஒரே எண் இரண்டு வேலை பார்க்கிறது. இதைக் கண்டுகொண்ட அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் விளக்கிச் சொல்லி, யாரும் கேட்கவில்லை.

முருங்கைக்காயைக் கட்டுப் போடும் அக்கா ஒருவர். முதல் நாள் கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "என்னப்பு, பேப்பர்ல வருமா?" என்றார். "இல்லக்கா, சும்மா பழகுறேன்" என்றேன். "அப்ப நல்லாப் பழகு" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த அனுமதி போதும். ஒரு மீட்டர் தள்ளி நின்று எஃப் 1.8-இல் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது கரைந்துவிடும். அதனால் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளையும் கேமரா இஷ்டத்துக்கு விடாமல் நடுப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கிட்டே இருக்கிற கண்ணைப் பிடித்தேன். மூக்குத்தியில் பல்பு வெளிச்சம் ஒரு பொட்டாக நிற்கிறது, கன்னத்தில் ஒட்டிய ஒரு முருங்கை இலை நரம்பு எண்ணும்படி தெரிகிறது, பின்னால் இருக்கும் லாரிகள் எல்லாம் வெறும் வட்ட வட்ட நிறங்கள். நாலுக்கு ஆறு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். இப்போது அந்த வரிசையில் யாரும் முகத்தைத் திருப்புவதில்லை. பிரிண்ட் எங்கே என்றுதான் கேட்கிறார்கள். லென்ஸ் வாங்குகிறவர்கள் பிரிண்ட் காசையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

கேமரா பாடி விஷயத்துக்கு வருகிறேன். என்னுடையது கேனான் 700டி, 2013-இல் வந்த மாடல், 18 மெகாபிக்சல், பழசு. எங்கள் பக்கம் கல்யாணப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவர் மிரர்லெஸ்ஸுக்கு மாறியபோது விற்றது. "தம்பி, பாடி வருசா வருசம் கிழடாகும், கண்ணாடி கிழடாகாது. காச கண்ணாடியில போடுங்க" என்றார். அவர் சொன்னது அத்தனையும் பொன். பழைய பாடி வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிக்கானாக இருந்தால் வேலை சுலபம், எடுத்த ஜேபெக் ஃபைலின் உள்ளேயே அந்த எண் பதிந்திருக்கும். டி3200, டி5300 மாதிரி தொடக்கநிலை மாடல்களின் ஷட்டரை 1 லட்சம் அடிக்குச் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. கேனானில் அது படத்தோடு வராது, தனி மென்பொருள் வேண்டும். லென்ஸ் என்றால் செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் ஓடியிருந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கி வந்த பிறகு டிரை பாக்ஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காற்றுப் புகாத முறுக்கு டப்பாவில் நீல சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். ஈரம் குடித்து ரோஸ் நிறமானால் வாணலியில் சூடு காட்டினால் திரும்ப நீலமாகும். சமையலுக்கு வைத்திருக்கும் வாணலியைத் தொடாதீர்கள்.

நிக்கான் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விலை குறைவு என்று 50 எம்எம் 'டி' வகை லென்ஸை வாங்கிவிடாதீர்கள். டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அந்த லென்ஸிலும் கிடையாது. கையால்தான் திருக வேண்டும். 2011-இல் வந்த 'ஜி' வகையில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது.

மெகாபிக்சல் பற்றிக் கடைக்காரர் பேச ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு மனக்கணக்குப் போடுங்கள். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நல்ல பிரிண்ட் போட 9 மெகாபிக்சல்கூட வேண்டாம். என் பழைய 18 அதற்கு இரண்டு மடங்கு.

இத்தனை பெருமை பேசினாலும், நம் உச்சி வெயிலிடம் இந்த லென்ஸ் பணிந்துதான் போகிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஐஎஸ்ஓ 100-இல் எஃப் 1.8 திறந்தால் ஷட்டர் 1/8000 கேட்கும். என் கேமராவின் உச்சமே 1/4000. படம் வெளிறிப்போகும். எஃப் 2.8-க்கு மூடிக்கொண்டால் சரியாகிவிடும். அந்த நேரத்தில் நிழலில் உட்கார்ந்து இளநீர் குடிப்பது இன்னும் நல்லது. சூரியன் நாகமலைப் பக்கம் சாய ஆரம்பித்த பிறகு கண்மாய்க் கரைக்கு வாருங்கள். மழை பெய்து தண்ணீர் கிடக்கும் மாதங்களில் கொக்கும் மடையானும் நீர்க்காகமும் இருக்கும். 50 எம்எம்முக்குக் கொக்கு ஒரு வெள்ளைப் புள்ளிதான். அதற்கு 55-250 வைத்திருக்கிறேன். எந்த லென்ஸானாலும் பாடம் ஒன்று: சுற்றிலும் கரும்பச்சையும் கறுத்த தண்ணீரும் இருந்தால் கேமராவின் மீட்டர் ஏமாந்து அளவுக்கு மீறி வெளிச்சம் வாங்கும், கொக்கு சுண்ணாம்பு பூசியது போல ஆகிவிடும். எக்ஸ்போஷரை மைனஸ் 1-க்கு இறக்குங்கள். ஒவ்வொரு இறகும் பிரிந்து தெரியும். ஜேபெக்கில் எடுக்காமல் ரா (RAW) ஃபைலாக எடுங்கள். என் கேமராவின் ராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 14 பிட், அதாவது 16,384 படிகள், ஜேபெக்கில் 256. வெளுத்த இறகை மீட்டெடுக்க அந்தப் படிகள்தான் கைகொடுக்கும். டார்க்டேபிள் என்ற மென்பொருள் இதற்கு இலவசமாகவே கிடைக்கிறது.

மதுரையின் வெளிச்சத்தோடு மல்லுக்கட்டியது நாம் மட்டுமில்லை. 1858-இல் மதராஸ் அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் இங்கே வந்தார். திருமலை நாயக்கர் மகால், கோயில், தெப்பக்குளம், அழகர்கோயில் என்று பெரிய பெரிய மெழுகுத் தாள் நெகட்டிவ்களில் எடுத்தார். மகாலை மதராஸ் கவர்னர் நேப்பியர் பிரபு பழுது பார்ப்பதற்கு முந்தைய கோலம் அந்தப் படங்களில் இருக்கிறது. அன்றைய ரசாயனம் நீல நிறத்துக்குத்தான் அதிகம் மசியும், அதனால் வானம் வெள்ளைத் தாளாகிவிடும். மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மேலே சாயம் தீட்டி மேகம் வரைந்தார்! கம்ப்யூட்டரில் வானத்தை மாற்றுகிற பிள்ளைகளை யாராவது திட்டினால் நான் டிரைப்பைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவேன். மாட்டுவண்டியில் சாமான் ஏற்றி ஊர் ஊராகப் போனவர் அவர். நான் 160 கிராமைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டவுன்பஸ்ஸில் மகாலுக்குப் போகிறேன். சாயங்காலச் சாய்வெயில் அந்தத் தூண்களுக்கு இடையில் பட்டை பட்டையாக விழும்போது எஃப் 4-இல் வைத்து எடுத்துப் பாருங்கள், சுதை வேலைப்பாட்டின் ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு எழுந்து நிற்கும்.

கிட்டே போய் எடுப்பது என்றால் என்ன என்று தெரிய, நம் மாவட்டத்துக்காரர் எம். பழனிக்குமாரின் படங்களைத் தேடிப் பாருங்கள். மலக்குழி வேலையைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், பாரி இணைய இதழின் புகைப்படக்காரர், 2022-இல் முதல் தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருது வாங்கியவர். உழைக்கிற பெண்கள் அவர் படத்தில் நம்மை நேராகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை எந்த ஜூமாலும் இழுத்துவர முடியாது.

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு 50 எம்எம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கேலரியில் இருந்து காளை எலிக்குட்டி மாதிரி தெரியும். அங்கே 70-200 அல்லது 55-250, ஷட்டர் 1/1000-க்குக் குறையவே கூடாது. ஆனால் சித்திரை மாதம், அழகர் ஆற்றில் இறங்கும் விடியல் என்றால், ஐயோ, அதற்கென்றே செய்து வைத்த லென்ஸ் இது! ஏ.வி. பாலத்தைச் சுற்றிலும் தலை மேல் தலை. டிரைபாட் விரிக்க இடமில்லை, பெரிய லென்ஸை நீட்டினால் பக்கத்தில் நிற்பவர் மண்டை உடையும். எஃப் 2, 1/250, ஐஎஸ்ஓ 3200. தங்கக் குதிரை தூரத்தில் போகட்டும், அதை டிவிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். கேமராவை ஜனத்தின் பக்கம் திருப்புங்கள். சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றிப் பிடித்திருக்கும் பாட்டியின் முகத்துக்கு அந்தச் சூடம் ஒன்றே விளக்கு. எஃப் 1.8 அதைக் குடித்துவிடும்.

விடிந்ததும் அப்படியே கூட்டத்தோடு ராமராயர் மண்டபத்துப் பக்கம் நகருங்கள். கறுப்புசாமி வேடம் கட்டியவர்கள் ஆட்டுத்தோல் பையில் இருந்து தண்ணீர் பீய்ச்சுவார்கள். வெயில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, 1/2000-இல் அடித்தால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக அந்தரத்தில் நிற்கும். இந்த லென்ஸுக்கும் என் பாடிக்கும் தண்ணீர்க் காப்பு எதுவும் கிடையாது. ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர் ஒன்றில் லென்ஸ் முகத்துக்கு மட்டும் ஓட்டை போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, துடைக்க ஒரு காட்டன் கைக்குட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பையோடு ஒருவர் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திரும்பினால் ஓடாதீர்கள், பட்டனை அழுத்திக்கொண்டே நில்லுங்கள்.