கழிச்சலும் ஒரு சிவப்புக் கோடும்

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் தென்காசிப் பக்கத்துத் தொழுவங்கள் எளிதில் காய்வதில்லை. அந்த ஈரத்தில், பிறந்து சில நாளேயான கன்று கழியத் தொடங்கினால், காரணம் ரோட்டா வைரஸா, கொரோனா வைரஸா, பாக்டீரியாவா என்று சாணத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்லும் சோதனைப் பட்டையின் வேலைப்பாடு எனக்குப் பிடிக்கும்.

கரைத்த சாணத்தில் சில சொட்டைப் பட்டையின் ஒரு முனையில் விட்டால் நீர் ஊர்ந்து செல்லும். வழியில், நுண்ணிய தங்கத் துகளோடு பிணைத்த எதிர்ப்பொருள்கள் வைரஸைப் பற்றும். மேலே கோடாகப் பதித்த எதிர்ப்பொருள் அதை நிறுத்தும். துகள் சேரச் சேரச் சிவப்பு தெரியும். தங்கம்தான்! அவ்வளவு பொடியானால் அது மஞ்சளாக இருப்பதில்லை. இன்னொரு கோடு பட்டைக்கே சாட்சி; அது வராவிட்டால் முடிவு செல்லாது. தன் கோளாறைத் தானே காட்டிக்கொடுக்கும் கருவிகள் குறைவு.

எதிர்ப்பொருளைத் தேர்வதில்தான் கைத்திறன். ரோட்டாவின் நடு உறையிலுள்ள வி.பி.6 புரதம் அதிகம் மாறாதது. பெரும்பாலான சோதனைகள் அதைத்தான் குறிவைக்கின்றன. வைரஸ் என்று தெரிந்தால் வீண் ஆன்டிபயாட்டிக் ஊசியைத் தவிர்க்கலாம்.

ஆனால் கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பு. முடிவுக்குக் காத்திராமல் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், பாலை நிறுத்தாதீர்கள், கால்நடை உதவி எண் 1962-ஐ அழையுங்கள்.