கையில்லாத கிற்றாரில் கையைக் கேட்பது

திருகோணமலைக் காதுக்குக் கிற்றார் புதிதல்ல. பாலையூற்றுப் பறங்கியரின் ஆட்டப் பாட்டிலும், எழுபதுகளின் தமிழ்ப் பொப்பிசையிலும் கேட்டுப் பழகியதுதான். இன்று இங்கே சல்லிக் கிராமத்தில் ஒரு பிள்ளை, கிற்றாரே இல்லாமல் மடிக்கணினியில் மின்கிற்றாரை எழுப்பலாம். அதைக் கேட்கும்போது கோயிலடிக் கடற்கரையை விட்டு வீட்டுக்குள் வாருங்கள். அலை இரைச்சல் நுணுக்கமான விரல் உரசல்களை மூடிவிடும்.

முதலில் கையைத் தேடுங்கள். ஆறு கம்பி, ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். கீபோர்ட்டில் பத்து விரலாலும் அமுக்கும் கோர்ட், கிற்றாரில் பிடிக்கவே முடியாததாக இருக்கலாம். கீழ்நோக்கி மீட்டினால் தடித்த கம்பி முந்தும், மேல்நோக்கி மீட்டினால் மெல்லிய கம்பி முந்தும். இடைவெளி சில மில்லிசெக்கன்தான். அது இல்லாவிட்டால் கீபோர்ட் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரே சுரம் அடுத்தடுத்து வரும் இடத்தில் ஒரே பதிவையே திரும்ப ஒட்டினால் தையல் மெசின் ஓடுவதுபோல இருக்கும். நல்ல மென்பொருள்கள் ஒவ்வொரு சுரத்துக்கும் பல பதிவுகளை வைத்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடுகின்றன.

என்னைக் கேட்டால், உண்மையான சோதனை கமகத்தில்தான். மாண்டலின் ஸ்ரீநிவாஸின் மின்மாண்டலினைக் கேட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். அழுத்திய கம்பியை விரலால் இழுத்து அசைத்தால் சுரம் மேலே போய்த் திரும்பும்; தன் இடத்துக்குக் கீழே இறங்காது. மென்பொருளின் ஆயத்த அசைவோ பெரும்பாலும் மேலும் கீழும் சமமாக, ஒரே வேகத்தில் ஆடும். அக்கறையுள்ளவர் அந்த அசைவைத் தானே வரைவார்: சுரம் நிலைத்த பிறகு தொடங்கி, மெல்ல அகலவிடுவார். அந்த ஒரு நொடிக்காகவே பாட்டைத் திரும்பக் கேட்கலாம்.

மின்கிற்றாரின் பாதி உயிர் அம்பிளிஃபயரிலும் ஸ்பீக்கர் பெட்டியிலும் இருக்கிறது. கிற்றார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வெகுவாகக் குறைத்துவிடும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷனைப் போட்டுப் பெட்டியை மறந்தால் காதைக் கீறும். அதற்காகவே, உண்மையான பெட்டிக்கு முன் மைக் வைத்து அளந்தெடுத்த 'இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ்' கோப்புகள் இருக்கின்றன. டிஸ்டோர்ஷனில் சுரங்கள் மோதிப் புதிய அதிர்வுகளைப் பிறப்பிக்கும். ரொக் கிற்றார்காரர் பெரும்பாலும் ச, ப என்ற இரண்டோடு நிறுத்துவது இதனால்தான். அவற்றின் 2:3 அதிர்வெண் விகிதத்தில் அந்த மோதலும் இணக்கமாகவே முடிகிறது.

கடைசியாக இயர்போனில் இடமும் வலமும் தனித்தனியே கேளுங்கள். ஒரே பகுதியை இருமுறை வாசித்துப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்திருந்தால் சின்ன வித்தியாசங்கள் ஒலியை அகல விரிக்கும். ஒன்றை நகலெடுத்து இருபக்கமும் வைத்திருந்தால் எல்லாம் நடுவில் ஒட்டிக்கொள்ளும்.