பூட்டுக்கு எடை, பஞ்சுக்கு இடம்

திண்டுக்கல் பார்சல் ஆபீஸ் வாசலில் இரும்புப் பூட்டுப் பெட்டியும் நூற்பாலையிலிருந்து வந்த கழிவுப் பஞ்சு மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு, கொஞ்ச இடத்தில் அடங்கிக்கொண்டு லாரியின் அச்சை அழுத்தும். பஞ்சு தராசில் நிற்காது; ஆனால் லாரியை நிரப்பிவிடும். இரண்டுக்கும் கிலோ கணக்கில் மட்டும் வாடகை வாங்கினால், பூட்டுக்காரர் பஞ்சுக்காரருக்கும் சேர்த்தே கட்டுகிறார். இந்தக் கோணலை நிமிர்த்த வந்ததுதான் கன எடைக் கணக்கு. ஆபீஸ் பேச்சில் ‘வால்யூம் வெயிட்’.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது கிலோவில் கன எடை. அதிலும் தராசு எடையிலும் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். அதாவது ஒரு கனமீட்டர் இடத்துக்குக் குறைந்தது 200 கிலோ. 30×20×20 பெட்டியில் 25 கிலோ பூட்டு என்று வைத்துக்கொள்வோம். கன எடை 2.4 கிலோதான், 25 கிலோவுக்கே கட்டணம். 60×60×60 மூட்டையில் 15 கிலோ பஞ்சு இருந்தால் 43.2 கிலோவுக்குக் கட்ட வேண்டும்.

இதில் நியாயம் இருக்கிறது. புக்கிங் கிளார்க்கின் கண்மதிப்பை விட டேப் நம்பகமானது. காற்றை ஏற்றி அனுப்புகிறவருக்குச் செலவு கூடுவதால், சின்னாளப்பட்டிச் சேலைக்காரர் பெட்டியைச் சரக்குக்கு ஏற்ற அளவில் எடுக்கிறார். பஞ்சை 170 கிலோ பேலாக அழுத்திக் கட்டும் வழக்கமே இந்தப் புத்தியில் பிறந்ததுதான். சூத்திரத்தை விட அது மூத்தது.

கோளாறு வகுக்கும் எண்ணில் தொடங்குகிறது. விமானச் சரக்கில் 6000 வழக்கம். அதே பஞ்சு மூட்டை அங்கே 36 கிலோவாகிவிடும். தரைவழி நிறுவனங்கள் பல, 27,000-ஆல் வகுத்துக் கன அடியாக்கி, கன அடிக்கு இத்தனை கிலோ என்று பெருக்குகின்றன. ஒரு கன அடி உண்மையில் 28,317 கன சென்டிமீட்டர். அடியை முழுசாக 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டதிலேயே கட்டணம் ஏறத்தாழ ஐந்து சதவீதம் ஏறிவிடுகிறது. வசதிக்காகச் செய்தது என்பார்கள். வசதி யாருக்கு என்பது தெரிந்ததே. தராசுக்கு எடையளவுத் துறை முத்திரை உண்டு. இந்த எண்ணுக்கு எந்த முத்திரையும் இல்லை.

உருவமும் இடிக்கிறது. ஒட்டன்சத்திரம் முருங்கைக்கட்டு பார்சலில் போனால், நீட்டிக்கொண்டிருக்கும் நுனி வரை அளந்து, இல்லாத ஒரு பெட்டிக்குக் கட்டணம் போடுவார்கள். சாக்கு என்றால் அளப்பது அதன் வயிற்றை.

ஆனால் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. பத்து டன், ஐம்பது கனமீட்டர் கொள்ளும் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஐந்து டன் பூட்டு. அது பிடிப்பது இரண்டரை கனமீட்டர். மேலே 47 கனமீட்டர் பஞ்சு, கனமீட்டருக்கு 100 கிலோ வீதம் 4.7 டன். ஏறிய எடை 9.7 டன். கட்டணமோ பூட்டுக்கு 5 டன், பஞ்சுக்கு 9.4 டன், ஆக 14.4 டன்னுக்கு! கனத்தைக் கீழே, லேசானதை மேலே அடுக்கும் லோடுமேனின் சாமர்த்தியத்தால் மிச்சமான இடம் முழுவதும் நிறுவனத்தின் கல்லாவுக்குப் போகிறது. ஒவ்வொரு பார்சலையும் தனித்தனியே பார்க்கும் சூத்திரத்துக்கு லாரி முழுவதும் கண்ணில் படுவதில்லை. திரும்பும் வண்டி காலியாக வரும், எல்லா நாளும் இப்படிச் சேர்ந்து அமையாது என்று நிறுவனம் சொல்லும். உண்மைதான். ஆனாலும் சேர்ந்து அமைகிற நாளில் ஒரு பங்குகூட சரக்குக்காரருக்கு வருவதில்லை.

அமெரிக்காவில் லாரிச் சரக்குக்கு 50 முதல் 500 வரை 18 வகுப்புகள் உண்டு. அடர்த்தியோடு கையாளும் சிரமம், அடுக்க வருமா என்பது, சேதப் பொறுப்பு ஆகியவையும் கணக்கில் சேரும். 2025 ஜூலையில் பல சரக்குகளை 13 படி அடர்த்தி அட்டவணைக்கு மாற்றினார்கள். அதில் கன அடிக்கு ஒரு பவுண்டு கூடத் தேறாதது 400-ஆம் வகுப்பு, ஐம்பது பவுண்டும் அதற்கு மேலும் 50-ஆம் வகுப்பு. அதிலும் குறை உண்டு. ஆனால் அட்டவணை எல்லோருக்கும் ஒன்று. நம் ஊரில் ஆபீஸுக்கு ஒரு எண்.

கன எடையை ஒழிக்கச் சொல்லவில்லை. ஒழித்தால் பூட்டுக்காரர்தான் மறுபடி மாட்டுவார். அடுத்த முறை புக்கிங் போடும்போது மூன்று அளவையும் வகுத்த எண்ணையும் எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாத ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள்.