யாருக்காகச் சங்கம்?

“வாத்தியாருக்குச் சங்கம் எதற்கு? மாதம் பிறந்தால் சம்பளம், ஆண்டு பிறந்தால் உயர்வு, இடையிடையே விடுமுறை. இவர்களுக்குமா கொடி, இவர்களுக்குமா கோஷம்? எங்கள் பிள்ளையின் படிப்புக்காக இவர்கள் எப்போதாவது கொடி பிடித்தார்களா?”

தேநீர்க் கடைகளிலே கேட்கும் குரல் இது. கேட்டதும் கொதிக்கிறார்கள் ஆசிரியர் சங்கத் தோழர்கள். கொதித்துப் பயனில்லை. இக்கேள்வியில் முற்பாதி அறியாமை. பிற்பாதி, பதில் சொல்லியே தீரவேண்டிய வழக்கு.

முதலில் அறியாமையைக் களைவோம்.

குருவைத் தெய்வத்தோடு சேர்த்துப் போற்றிய நாடு இது. அந்தப் போற்றுதலின் பொருள் என்ன? தெய்வத்துக்குப் பசியில்லை, ஆகவே ஊதியம் வேண்டாம்! தெய்வம் வாய் திறவாது. ஆகவே உரிமை கேளாது! மாலை சூட்டிப் பட்டினி போட இதைவிட ஏற்ற பட்டம் எது? தனியார் பள்ளியிலே மானேஜரின் புருவம் நெரிந்தால் ஆசிரியரின் அடுப்பு அணையும் என்ற காலமொன்று இருந்தது. 1953-இல் ஆச்சாரியார் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று குலக்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, வீதியிலே எதிர்த்து நிற்க நம் இயக்கம் இருந்தது. வேலைக்கே காப்பில்லாத ஆசிரியர், வகுப்பறையிலே நின்று “இது அநீதி” என்று கூறியிருக்க முடியுமா? அஞ்சி வாழும் ஆசிரியர், அஞ்சாத மாணவனை எப்படி உருவாக்குவார்?

அந்த அச்சம் தானாக அகலவில்லை. 1955-இல் காமராசர் ஆட்சியில் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்புறுதி ஆகிய மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. நினைத்தபோது நீக்கும் நிர்வாகத்தின் கைக்கு 1973-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் கடிவாளமிட்டது. 1981-இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். தனியொருவர் கேட்டால் கெஞ்சல். பலர் சேர்ந்து கேட்டால் உரிமை. அந்தச் சேர்க்கையின் பெயர்தான் சங்கம்.

பெற்றதைக் காப்பதும் எளிதாக இல்லை. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை சட்டப்படியும் இல்லை, அறப்படியும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதித் தந்தே பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர். ‘இவர்களுக்கு என்ன குறை’ என்போர் இந்த வரலாற்றைப் படிக்கட்டும்.

இனி வழக்குக்கு வருவோம். சென்னையிலே பிறக்கும் ஆணை சிற்றூர்ப் பள்ளியைத் தொடும் இடத்திலே நிற்பவர் சங்கத்தின் வட்டாரப் பொறுப்பாளர். அவரை அளந்து பார்க்கக் கந்தர்வக்கோட்டை போன்றதோர் ஊரே தக்க இடம். தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில், முந்திரி விளையும் மண்ணில் இருக்கிறது அவ்வூர். பெயரிலே கந்தர்வர்கள், வயலிலே கூலிகள்! 2011 தேர்தல் முதல் தாழ்த்தப்பட்டோர்க்கான தனித்தொகுதி. இத்தகைய ஊரில் கூலிக்காரரின் பிள்ளைக்கு அரசுப் பள்ளியை விட்டால் வேறு வாசல் ஏது?

ஊதிய உயர்வு, பணிப்பதிவேடு, சேமநிதிக் கடன், இடமாறுதல் இவற்றுக்காக அலுவலகப் படியேறுவது பொறுப்பாளரின் கடமை, மறுக்கவில்லை. ஆனால் அத்தோடு அவர் பணி முடிந்துவிடுமானால், அவர் தலைவரா, மனு எழுதும் குமாஸ்தாவா?

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், வகுப்புகளோ ஐந்து! ஒருவர் கூட்டத்துக்குச் சென்றால் மற்றவர்க்கு ஐந்து வகுப்பும் சொந்தம். மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் உதவி, தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்கிறது அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு. இந்த இரண்டையும் ஊர்ப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லி, அவர்களையும் அழைத்துக்கொண்டு அலுவலக வாயிலில் நின்ற பொறுப்பாளர் எத்தனை பேர்?

2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தில், பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை இணைக்காதே என்ற கோரிக்கையும் இருந்தது. ஆனால் ஊரார் காதிலே விழுந்தது ஓய்வூதியம் ஒன்றே. ஓய்வூதியம் கேட்டது குற்றமன்று. பள்ளியை மூடுவதால் யார் பிள்ளை எத்தனை தொலைவு நடக்கவேண்டும் என்று வீடுவீடாகச் சொல்லாததே குற்றம்.

இன்னொரு குறையும் உண்டு. சட்ட மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்க்கென ஒதுக்கிய அரசியல் சட்டம், உயர்நிலைப் பள்ளிக்குக் கீழே கற்பிப்போர்க்கு அதில் வாக்குரிமை தரவில்லை. அகரம் கற்பிப்பவர் தாழ்ந்தவர் என்ற அந்தப் படிக்கட்டு, 1986-இல் இங்கு மேலவை ஒழிந்த பின்னும் ஒழியவில்லை. இடைநிலை ஆசிரியர்க்கு ஒரு சங்கம், பட்டதாரிக்கு ஒன்று, தலைமை ஆசிரியர்க்கு ஒன்று! படிக்கட்டை உடைக்கவந்த இயக்கத்தின் மண்ணில், சங்கத்துக்குள்ளேயே படிக்கட்டா?

சிகாகோ நகரைப் பாருங்கள். 1897-இல் அங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் சங்கம் கண்டனர். ஊதியத்துக்குப் பணமில்லை என்றது நிர்வாகம். மார்கரெட் ஹேலி என்ற ஆசிரியை, பெரிய கம்பெனிகள் செலுத்தாத வரியைக் கணக்கெடுத்து வழக்காடி வென்றார். ஊதியம் கேட்டவர், ஊரின் உரிமையையும் மீட்டார்.

அவ்வளவு தொலைவுகூடச் செல்ல வேண்டாம். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, ஆசிரியரும் தொண்டரும் சேரிக்குச் சென்றனர். கைநாட்டு வைத்த பெண்கள் கையெழுத்திட்டனர், மிதிவண்டியும் ஓட்டினர். அந்த மக்கள் ஆசிரியரைக் கண்டு முகம் திருப்புவார்களா?

இளைஞர்களே! ஆசிரியர் போராடும்போது ஏளனம் செய்வோர் பக்கம் நில்லாதீர். சங்கக் கொடிக்குத் துணை நில்லுங்கள். அதே வேளையில் உங்கள் வட்டாரப் பொறுப்பாளரைக் கண்டு கேளுங்கள்: “எத்தனை இடமாறுதல் வாங்கித் தந்தீர்?” என்றல்ல, “எந்தப் பள்ளி மூடப்படாமல் காத்தீர்? எந்தச் சேரிப் பிள்ளைக்காக அதிகாரியை எதிர்த்தீர்?” என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடியவர் பின்னால் ஊரே திரளும்.