கல்வியின் கைப்பும் இனிப்பும்

கல்வியை மரமாக உருவகித்து, அதன் வேரைக் கைப்பென்றும் கனியை இனிப்பென்றும் கூறும் முதுமொழியொன்று கிரேக்க நாட்டினின்றும் வந்து நம்மவர் நாவிலும் வழங்குகின்றது. தத்துவஞானியர் வரலாறெழுதிய தயோஜெனிஸ் லேர்ட்டியஸ் இதனை அரிஸ்டாட்டில் கூற்றென்பர். ஐசாக்ரட்டீஸ் கூற்றென்பாரும் உளர். கூறினார் யாவராயினும் ஆகுக. அம்மொழி கல்வியின் இயல்பை முற்ற உணர்த்துமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

வேரும் கனியும் மரத்தின் இருவேறு உறுப்புக்கள். கனி பழுத்த பின்னும் வேர் கைத்தே நிற்கும். ஆகவே இவ்வுருவகத்தின்படி வருத்தம் விலையாகவும், பயன் அவ்விலை கொடுத்துப் பெறும் பண்டமாகவும் முடிகின்றன. தாயுமான அடிகளோ சரியை முதலிய நான்கினையும் அரும்பு முதற் கனி ஈறாக நிரலே உவமித்தனர். துவர்த்த காயே இனித்த கனியாகின்றது. காயின் வேறாய கனியென ஒன்றில்லை. கல்விக்கும் இவ்வுவமையே பொருத்தமுடைத்தென்பது எம் துணிபு.

கிரேக்கர் வரலாறே இதற்குச் சான்றாதல் காண்க. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் சீனோவிடம் பயின்ற கிளியாந்தீஸ், இரவிற் தோட்டங்களுக்கு நீரிறைத்துப் பகலிற் பாடங்கேட்டனர். ஏடு வாங்கப் பொருளின்றிச் சிப்பியிலும் மாட்டெலும்பிலும் எழுதினர் என மேற்குறித்த நூலே கூறும். மந்தமதியினரென உடன்பயின்றார் இகழவும் பொறுத்தனர். அங்ஙனம் பொறுத்தாரே சீனோவுக்குப்பின் அப்பள்ளியின் தலைவராயினர். சீயுஸ் என்னுந் தேவனை உலகின் தலைவனாக வைத்து அவர் பாடிய துதி இன்றும் உளது.

எம் விராலிமலைக்கு வடபாலுள்ள திரிசிரபுரத்திலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) இளமையில், தண்டியலங்காரம் கற்றிருந்த பரதேசியொருவர் பிச்சைக்குச் செல்லுந் தெருக்களில் உடன்சென்று, அவர் உவப்பன செய்து, அந்நூலைப் பாடங்கேட்டனர். இதனை, 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக வெளிவந்த பிள்ளையவர்கள் சரித்திரத்தில் உ. வே. சாமிநாதையரவர்கள் எழுதியுள்ளார்கள். தெருவிற் சென்று கல்வியை இரந்த அவரே, பின்னர்த் தம்மை அடுத்தார்க்கு உணவும் அளித்து, கைம்மாறு வேண்டாது பாடஞ் சொல்லினர். தாம் பட்ட வருத்தத்தை மாணாக்கர்க்கு வைத்திலர். காய் கனிந்தமை இதுவன்றோ?

அற்றேல், வருத்தமே கல்வியைத் தருமோ எனின், தாராது. ஏதென்ஸில் நீரிறைத்தார் பலர். கிளியாந்தீஸ் ஆயினார் ஒருவரே. காயைக் கனிவிப்பது நூலின்மாட்டும் ஆசிரியர்மாட்டும் நிகழும் அன்பு. தானாகக் கனியாததைத் தடிகொண்டு அடித்தாற் கனியுமோ என்பது நம்மோர் வழக்கு. ஆயினும், வேர் கைத்தே தீருமென அக்கிரேக்க மொழியை மேற்கோளாக்கி மாணாக்கரை ஒறுக்கும் ஆசிரியர் உளர். யாமும் பணிபுரிந்த காலத்து அங்ஙனம் ஒறுத்ததுண்டு. அவருட் சிலர் பின்னர்த் தமிழேட்டைத் தொட்டிலர். அக்குற்றம் அவரதன்று, எமதே.

இம்மலைமேற் குமரப்பெருமானை வழிபடப் படியேறுவார்க்குக் கால் நோவும். ஆயின் நோவுதரும் படி ஒவ்வொன்றும் அவரை உயர்த்தும் படியும் ஆம். உடன் ஏறுவார் கைகொடுத்தல் வேண்டுமேயன்றிப் படியை உயர்த்திக் கட்டுதல் வேண்டா. கற்பிப்பார் இதனைக் கடைப்பிடிப்பாராக.