உளிக்கு மதிப்பு, உளி பிடித்தவனுக்கு?

ஏழாண்டு பயிற்சி பெறாதவன் கைத்தொழில் நடத்தலாகாது என்று 1563-இல் சட்டமே செய்து வைத்திருந்த நாடு இங்கிலாந்து. அந்நாட்டில், பட்டறையின் உள்ளே அடைபட்டுக் கிடந்த அறிவை அச்சேற்றி, படிக்கத் தெரிந்த எவனும் பெறுக என்று தெருவிற்குக் கொணர்ந்தவர் சோசப் மாக்சன். அச்சுத்தொழிலர், நிலப்படம் செய்து விற்றவர். 1678 முதல் பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட ‘மெக்கானிக் எக்சர்சைசஸ்’ என்னும் நூலைத்தான் நாம் இங்கு ஆராய்கிறோம்.

சாய்வு நாற்காலியில் கிடந்து அதை நாம் படிக்கவில்லை. விடுமுறை நாட்களில் முதியவர் ஒருவரின் தச்சுப்பட்டறையில், இழைப்புளியும் கையுமாக நின்று படித்தோம். பட்டம் பெற்ற கை, முதல் நாளிலேயே பலகையைப் பிறாண்டி வைத்தது! இழைப்புளி துள்ளியது, நார் பெயர்ந்தது, வியர்வை வழிந்தது. “மரத்தோட மல்லுக்கு நிக்காதீங்க வாத்தியாரே, பலகையைத் திருப்பிப் போடுங்க” என்றார் பெரியவர். திருப்பினோம். நார் ஓடும் திசையில் தகடு சென்றது. சுருள் சுருளாய்ச் சீவல் எழுந்தது. வலிமையன்று, திசையே வேலை செய்கிறது என்பதை எந்தக் கல்லூரி நமக்குச் சொன்னது?

மாக்சனின் சிறப்பு இத்தகைய நுட்பங்களுக்குக் காரணம் காட்டுவதில் இருக்கிறது. முரட்டுப் பலகையை முதலில் இழைக்கும் புளியின் தகடு நேராகத் தீட்டப்படுவதில்லை. அதன் வாய் நடுவில் வில்லாக வளைந்திருக்க வேண்டும் என்கிறார். வளைந்த வாய் தடித்த சீவலை எடுக்கும். தகட்டின் மூலைகள் மரத்தைக் கிழிக்கமாட்டா. பிறகு வரும் நீண்ட புளிக்கும் மெருகிடும் புளிக்கும் நேரான வாய். பெரியவரின் பழைய புளியைக் கழற்றிப் பார்த்தோம். அதே வளைவு! அவர் மாக்சனைப் படித்தவரல்லர்.

ஆயினும் தீட்டுவதை நூல் கற்பிக்கவில்லை; கல்தான் கற்பித்தது. உளியின் தட்டைப் புறத்தைக் கல்லில் படியவைத்துத் தேய்த்து, சரிவைத் தீட்டி, ஓரத்தில் எழும் மெல்லிய பிசிரை விரலால் உணர நமக்கு மூன்று வாரங்கள் ஆயின. கைத்திறம் சொல்லால் வாராது, பழக்கத்தால் வரும் என்று ஆசிரியரே ஒப்புகிறார். அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம். படங்களைப் பாராட்ட இயலவில்லை. பல கருவிகளின் உருவம் 1676-இல் வெளிவந்த பிரெஞ்சுக்காரர் பெலிபியனின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. எழுத்து ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டுகிறது.

இவை சிறு குறைகள். பெருங்குறை முன்னுரையில் இருக்கிறது. கொல்லன் தொழிலை முதலில் வைத்ததற்காகத் தம்மைக் குறைகூறுவோர்க்கு விடை தரும் மாக்சன், தொழிலாளர் சிலரின் இழிநிலைக்காகத் தொழிலை இகழலாமா என்று கேட்கிறார். கேள்வி நன்றுதான், ஆனால் அதற்குள் ஒளிந்திருப்பது என்ன? தொழிலைத் தூக்கி மேடையில் வைத்துவிட்டு, தொழிலாளியைச் சேற்றிலேயே விட்டுவிடுகிறார்! அவனை இழிநிலையில் வைத்தது யார் என்று கேட்கவில்லை. அதே 1678-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகி அறிஞர் அவையில் அமர்ந்தவருக்கு, அக்கேள்வி எழாமற் போயிற்று.

நமக்கு அது பழங்கதையன்று. தந்தையின் தொழிலை மகன் கற்கட்டும் என்று 1953-இல் சென்னை மாநிலத்தில் வந்து, 1954-இல் வீழ்ந்த கல்வித் திட்டத்தைப் புகழ்ந்தோரும் தொழிலின் பெருமையைத்தான் பேசினர். தச்சன் மகன் உளியைக் கற்க வேண்டுமாம். அதிகாரியின் மகனுக்கு அந்தப் பெருமை வேண்டாமாம்! அண்மையில் ஒரு திருமண வீட்டில் நம்மை நாற்காலியில் அமர்த்தினர். அதைச் செய்த பெரியவர் வாயிற்படிக்கு வெளியே கூலிக்காக நின்றிருந்தார். எழுந்து அவரை அழைத்தோம். வீட்டாரின் முகம் கறுத்தது. அவர் வந்து அமரவும் இல்லை.

இளைஞர்கள் இந்நூலைப் படிக்கட்டும். முன்னுரையைச் சண்டையிட்டுப் படிக்கட்டும். பக்கத்தில் ஒரு தீட்டுக்கல்லும் இருக்கட்டும். நாம் செதுக்கிய முதற் கழுந்து துளையில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஞாயிறன்று மறுபடியும் பட்டறைக்குப் போகிறோம்.